கசிவைப் பிடிக்க முதலில் எதை அளப்பது? திருகோணமலையை வைத்து ஒரு பதில்

கேட்டவர் உப்புவெளியில் இருக்கும் ஒரு பொறியியல் மாணவர். தண்ணீர்க் குழாய் வழியே மலிவான அழுத்த சென்சர்களை வரிசையாகப் பொருத்தி, அந்தத் தரவைக் கணினியில் ஓடும் ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலுக்குக் கொடுத்தால் திருகோணமலையின் கசிவுகளைக் கண்டுபிடிக்க முடியுமா, இதை இறுதியாண்டுச் செயற்றிட்டமாக எடுக்கலாமா, எத்தனை சென்சர் வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

தம்பி, விஷயம் நல்லது. தொடங்கும் இடம்தான் சரியில்லை. அழுத்த சென்சர்களை எத்தனை வைத்தாலும் சின்னக் கசிவு அவற்றில் தெரியாது. ஊரின் ஒரு பகுதியை வால்வு பூட்டித் தனியாகப் பிரித்து, அதற்குள் போகும் தண்ணீரை ஒரே ஒரு நல்ல ஓட்ட மீற்றரால் இரவு முழுக்க அளந்து பாருங்கள், தெரியும். இப்படிச் சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

குழாயில் 5 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு ஓட்டை. உள்ளே 30 மீற்றர் அழுத்தம், அதாவது 30 மீற்றர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம், ஏறக்குறைய 3 பார். துளை வழி ஓட்டத்துக்கான வழக்கமான சமன்பாட்டில் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 1 கன மீற்றர் வெளியே போகும். நமது பில்லில் 1 கன மீற்றர் என்பது ஒரு அலகு. ஆக நாளுக்கு 24 அலகு. நாலு பேர் இருக்கும் சாதாரண வீட்டுக்கு ஒரு மாதம் முழுக்க அவ்வளவு போகாது. பென்சில் தடிப்புக்கூட இல்லாத ஓட்டைக்கு இந்தக் கணக்கு.

றோட்டில் தண்ணீர் பீறிட்டு, சனம் கூடி நின்று படமெடுக்கும் உடைப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். மணிக்கு 20 கன மீற்றர் கொட்டும் பெரிய உடைப்பு என்றே வைத்துக்கொள்வோம். யாராவது தொலைபேசியில் சொல்ல, ஆட்கள் வந்து, 12 மணி நேரத்தில் அடைத்துவிட்டால் போனது 240 கன மீற்றர். நாம் பார்த்த 5 மில்லிமீற்றர் ஓட்டை, வீட்டு இணைப்பு பிரதான குழாயோடு சேரும் இடத்தில் யார் கண்ணிலும் படாமல் ஆறு மாதம் கிடந்தால் 4,300 கன மீற்றருக்கு மேல். பெரிய உடைப்பைப் போல 18 மடங்கு. நட்டத்தைத் தீர்மானிப்பது ஓட்டையின் அளவை விட அது ஓடிக்கொண்டிருக்கும் காலம்தான். கசிவு இருக்கிறது என்று தெரியவரும் வரைக்கும் ஒரு காலம், இடம் கண்டுபிடிக்க ஒரு காலம், தோண்டித் திருத்த ஒரு காலம். சென்சர் சுருக்குவது முதலாவதை. இரண்டாவதில் ஓரளவு உதவும். மூன்றாவதற்கு அது ஒன்றும் செய்யாது.

திருகோணமலையில் அந்த முதல் காலம் நீளமாகப் போவதற்குக் காரணம் நிலம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல். களிமண் நிலத்தில் கசிகிற தண்ணீர் மேலே வந்து ஈரம் காட்டும், புல் பச்சையாக நிற்கும். மணலில் நேரே கீழே இறங்கிக் கிணற்று நீரோடு சேர்ந்துவிடும். றோட்டு காய்ந்தே இருக்கும். பக்கத்துக் கிணற்றுக்காரர் இந்த வருடம் ஊற்று நல்லது என்று சந்தோஷப்படுவாராக இருக்கும். அந்தத் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து எடுத்து, சுத்திகரித்து, குளோரின் போட்டு, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் கொண்டுவந்த தண்ணீர். அதே குளத்தை நம்பித்தான் கந்தளாய் வயல்களும் இருக்கின்றன. மழை பொய்க்கிற வருடத்தில் அந்த மணலுக்குள் போகும் ஒவ்வொரு அலகுக்கும் இரண்டு பக்கமும் உரிமைக்காரர் உண்டு.

சரி, அழுத்த சென்சர் ஏன் போதாது? 100 மில்லிமீற்றர் பிவிசி குழாய் ஒன்று, நீளம் 1 கிலோமீற்றர். நள்ளிரவுக்குப் பிறகு அதில் விநாடிக்கு 1 லீற்றர் ஓடுகிறது. உராய்வால் அந்த நீளத்தில் இழக்கப்படும் அழுத்தம் கால் மீற்றருக்கும் குறைவு. குழாயின் கடைசியில் நமது 5 மில்லிமீற்றர் ஓட்டை புதிதாக விழுந்தால் அந்த இழப்பு இன்னும் 14 சென்ரிமீற்றர் கூடும். அவ்வளவுதான். 10 பார் வரை அளக்கும், முழு அளவில் அரை வீதப் பிழை உள்ள சென்சரில் பிழை மட்டுமே 50 சென்ரிமீற்றர். கடையில் கிடைக்கும் மலிவான சென்சர் பலவற்றுக்கு அந்தத் துல்லியமும் இருக்காது. வெயிலுக்கும் வயதுக்கும் ஏற்ப நகரும். தேடுகிற மாற்றத்தைப் போல மூன்று நாலு மடங்கு பிழையுள்ள கருவியை இருபது இடத்தில் வைத்தாலும் கிடைப்பது குழப்பம்தான். இப்போது அதே குழாயின் தொடக்கத்தில் ஓட்ட மீற்றர் இருக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 3.6 கன மீற்றராக இருந்தது 4.6 ஆகிறது. 28 வீத ஏற்றம். இதைக் கண்டுபிடிக்க நிரலே தேவையில்லை, வரைபைப் பார்த்தாலே போதும்.

பெரிய உடைப்பு வேறு கதை. அதற்கு அழுத்தம் சட்டென்று விழும், அந்த அலை குழாய் வழியே இரண்டு பக்கமும் ஓடும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அளக்கும், நேரம் துல்லியமாகப் பொருந்திய சென்சர்கள் இருந்தால் அலை எதற்கு முதலில் வந்தது என்பதை வைத்து இடத்தையே சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் நூற்றுக்கணக்கான இடங்களில் அப்படிச் சென்சர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே அந்தச் சென்சர்கள் வருவதற்கு முன்பே இழப்பு 5 வீதத்தைச் சுற்றி நின்றது. அவர்கள் தேடுவது எஞ்சியிருந்த கொஞ்சத்தை. இலங்கையில் வருமானம் தராத நீர், அதாவது குழாயில் விட்டும் பில்லில் வராத தண்ணீர், நாட்டளவில் நாலில் ஒன்று அளவுக்கு இருக்கிறது. நமக்கு முதலில் தேவை வேறு.

அந்தத் தேவை, வலயம். பிரித்தானியாவில் 1980களிலேயே தொடங்கிய முறை இது. வலையமைப்பை 500 முதல் 3,000 இணைப்பு வரையுள்ள துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாசல், வாசலில் ஒரு மீற்றர். மற்ற எல்லா எல்லை வால்வுகளும் பூட்டு. சொல்ல லேசு. வரைபடத்தில் இல்லாத குழாய், தார் போட்டு மூடிய வால்வு, பூட்டியும் உள்ளே தண்ணீர் விடும் வால்வு என்று வேலையின் பாதி இதிலேயே போய்விடும். உண்மையாகவே பிரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: இரவில் வாசல் வால்வையும் பூட்டிவிட்டு உள்ளே அழுத்தத்தைப் பாருங்கள். பூச்சியத்துக்கு இறங்க வேண்டும். இறங்காமல் எங்காவது தங்கி நின்றால் பக்கத்து வலயத்திலிருந்து தண்ணீர் வருகிறது. அதைத் தீர்க்காமல் எடுக்கும் எந்தத் தரவையும் நான் நம்பமாட்டேன்.

மீற்றரின் அளவிலும் கவனம் வேண்டும். குழாய் 200 மில்லிமீற்றர் என்பதற்காக மீற்றரையும் 200 ஆகப் போட்டால், இரவில் விநாடிக்கு 1 லீற்றர் ஓடும்போது வேகம் 3 சென்ரிமீற்றர்தான். பல மீற்றர்கள் அந்த வேகத்தில் நம்பத்தக்க எண் தராது. அந்த இடத்தில் குழாயை ஒடுக்கிச் சிறிய மின்காந்த மீற்றர் போடுவது நல்லது. நமக்கு முக்கியம் பகல் உச்ச ஓட்டமில்லை, இரவு அடிமட்டம்.

இரவு ஏன் என்றால், அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் சனம் தூங்கும், தண்ணீர்ப் பாவனை மிகக் குறைவு. அந்த நேரத்திலும் வலயத்துக்குள் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால் பெரும்பகுதி கசிவு. எல்லாப் பாடநூலும் இதைத்தான் சொல்லும். ஆனால் பாடநூல் எழுதியவர்கள் வீட்டுக் கூரையில் கறுப்பு பிளாஸ்டிக் தாங்கி இருக்கும் ஊரை மனதில் வைத்து எழுதவில்லை.

நம்மூரில் பல வீட்டில் 500 லீற்றரோ 1,000 லீற்றரோ கொள்ளும் தாங்கி உயரத்தில் இருக்கிறது. பகலில் அழுத்தம் குறைவாக இருக்கும் தெருவில் தாங்கிக்குத் தண்ணீர் ஏறாது. இரவு பாவனை குறைந்து அழுத்தம் ஏறும்போதுதான் நிரம்பத் தொடங்கும். சனம் தூங்கினாலும் தாங்கி தூங்காது. 800 இணைப்புள்ள ஒரு வலயத்தில் அதிகாலை 2 மணிக்கு மணிக்கு 18 கன மீற்றர் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். வீட்டுக்கு மணிக்கு 2 லீற்றர் இரவுப் பாவனை என்று வழக்கமான கணக்கைக் கழித்தால் 1.6. மிச்சம் 16.4 கன மீற்றரும் கசிவு என்று எழுதிவிடுவீர்கள். அந்த நேரத்தில் 100 தாங்கி, ஒவ்வொன்றும் மணிக்கு 60 லீற்றர் வீதம் நிரம்பிக்கொண்டிருந்தால் அதில் 6 கன மீற்றர் கசிவே இல்லை. உண்மையான கசிவு 10.4. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றில் கணக்குப் போட்டிருப்பீர்கள், அதை நம்பி ஆட்களும் இல்லாத ஓட்டையைத் தேடி றோட்டைக் கிண்டுவார்கள்.

இதைப் பிரிக்க வழி இருக்கிறது, அதுவும் தரவுக்குள்ளேயே. ஒரே ஒரு இரவு எண்ணைப் பார்க்காமல் வளைவின் உருவத்தைப் பாருங்கள். தாங்கிகள் ஒவ்வொன்றாக நிரம்பி மிதவை வால்வு பூட்டிக்கொண்டே வரும். ஆகவே அந்தப் பங்கு நள்ளிரவிலிருந்து விடியும் வரை இறங்கிக்கொண்டே போகும். கசிவு இறங்காது. அழுத்தம் ஏற ஏற அது கொஞ்சம் கூடக்கூடும். வளைவு எந்த மட்டத்தை நோக்கி இறங்கி அங்கே தட்டையாகிறதோ அதுதான் நீங்கள் தேடும் அடிமட்டம். 2 மணியை விட 4 மணி எண் நம்பகமானதாக இருக்கலாம். உங்கள் வலயத்தில் எந்த நேரம் என்பதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். அழுத்த சென்சர் இங்கே வந்து உதவும்: ஓட்டத்தோடு அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் பதிந்தால்தான் தாங்கியையும் கசிவையும் பிரிக்கலாம். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும்.

பருவத்தையும் மறக்க வேண்டாம். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் தோட்டத்துக்கு இரவிலும் தண்ணீர் விடுவார்கள். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி ஹோட்டல்களுக்கு ஆட்கள் வரும் காலம். அவர்களின் நிலத்தடித் தொட்டிகள் இரவில் நிரம்பும். ஒரு பெரிய ஹோட்டல் தொட்டி மட்டும் ஒரு சின்ன வலயத்தின் இரவு வளைவையே மாற்றிவிடும், ஆகவே அப்படிப்பட்ட இணைப்புகளுக்குத் தனிப் பதிவுக் கருவி போட்டே ஆக வேண்டும். மாரி மழைக்காலத்து இரவுகள்தான் சுத்தமான அடிமட்டம் தரும். இரண்டு காலத்தையும் பார்க்காமல் இரண்டு மாதத் தரவில் ஒரு நிரலைப் பழக்கினால், சீசன் தொடங்கும் நாளில் அது ஊர் முழுக்கக் குழாய் உடைந்துவிட்டதென்று அலறும்.

தாங்கி இன்னொரு கணக்கையும் குழப்புகிறது. மிதவை வால்வு பூட்டும் தறுவாயில் தண்ணீர் நூல் போல வரும். வீடுகளில் இருக்கும் பி வகுப்பு 15 மில்லிமீற்றர் மீற்றர் மணிக்கு 30 லீற்றருக்குக் கீழே சரியாக அளக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பழைய மீற்றர் அந்த நூலை எண்ணாமலே விட்டுவிடும். வாசல் மீற்றரில் பதிந்து வீட்டு மீற்றரில் பதியாத அந்தத் தண்ணீர் ‘இழப்பு’ என்று வரும், ஆனால் நிலத்துக்குள் ஒரு துளியும் போகவில்லை. மீற்றர் மாற்றித் தீர்க்க வேண்டியதைக் குழாய் தோண்டித் தீர்க்க முடியாது. அதனால்தான் இழப்பு இத்தனை வீதம் என்ற ஒற்றை எண்ணில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஹோட்டல் சீசனில் விற்பனை கூடும்போது ஒரு ஓட்டையும் அடைக்காமலே அந்த வீதம் குறைந்துவிடும். ஒரு இணைப்புக்கு நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் என்று பாருங்கள்.

இனி அழுத்தம். அழுத்த சென்சரின் உண்மையான பெறுமதி கசிவைக் கண்டுபிடிப்பதில் இல்லை, அதைக் குறைப்பதில் இருக்கிறது. திருகோணமலையில் உவர்மலை மேட்டுப் பகுதி. அங்கே தண்ணீர் ஏற வேண்டும் என்று வைக்கும் அழுத்தமே கடல் மட்டத்துத் தெருவுக்கும் போனால், கீழே உள்ள ஒவ்வொரு ஓட்டையும் தேவைக்கு மேல் கொட்டும். கீழ் வலயத்தின் வாசலில் அழுத்தம் குறைக்கும் வால்வு வைத்து 40 மீற்றரை 30 ஆக்கினால், வார்ப்பிரும்பில் உள்ள உருண்டைத் துளையில் ஓட்டம் 13 வீதம் குறையும். பிளாஸ்டிக் குழாயில் நீளவாட்டில் விழுந்த வெடிப்பில் 35 வீதம் குறையும், ஏனென்றால் அழுத்தம் இறங்கும்போது வெடிப்பின் வாயும் சுருங்கும். எங்கே இருக்கிறதென்றே தெரியாத கசிவுகளும் சேர்ந்து குறையும். எவ்வளவு இறக்கலாம் என்று தெரிய, வலயத்தில் மிக மோசமான வீட்டில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு வாசல், ஒரு கடைக்கோடி, ஒரு மேடு. வலயத்துக்கு மூன்று சென்சர். எத்தனை என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இது.

இன்ன வலயத்தில் கசிவு என்று தெரிந்தபின் இடம் பிடிப்பது ஒலி வேலை. கசிவுக்குச் சத்தம் உண்டு. இரண்டு பக்கமும் ஒலிவாங்கி வைத்து, சத்தம் எதற்கு எவ்வளவு முந்தி வருகிறது என்று பார்த்து இடத்தைக் கணக்கிடுவார்கள். இரும்புக் குழாயில் ஒலி விநாடிக்கு 1,200 மீற்றருக்கு மேல் ஓடும், நூறு மீற்றர் தாண்டியும் கேட்கும். பிவிசியில் வேகமும் 300 முதல் 500 மீற்றர் வரைதான், சத்தமும் சில பத்து மீற்றரில் செத்துவிடும். இரும்புக்குப் பழகிய கருவியை வாங்கிவந்து பிவிசியில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று குறை சொல்வது அடிக்கடி நடக்கிற விஷயம். பிளாஸ்டிக் குழாய்க்குத் தண்ணீரையே தொடும் நீரொலி வாங்கிகள் வேண்டும், நெருக்கமாகவும் வேண்டும். அதுவும் சரிவராத இடத்தில் 5 வீத ஐதரசனும் 95 வீத நைதரசனும் கலந்த வாயுவைக் குழாய்க்குள் விட்டு மேலே மணலில் எங்கே வருகிறது என்று மோப்பக் கருவியால் தேடலாம். இந்தக் கலவை தீப்பற்றாது. மணல் நிலம் நமக்குச் சாதகமாக இருப்பது இந்த ஒரு முறையில்தான், வாயு தடையில்லாமல் மேலே வந்துவிடும்.

கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. குழாய்க் குழி மாரியில் நிரம்பும், ஆகவே நீருக்குள் மூழ்கினாலும் தாங்கும் உறை கட்டாயம். வார்ப்பிரும்பு மூடிக்குக் கீழே அன்ரெனா வைத்தால் சிக்னல் வராது. உப்புக் காற்று சாதாரண இரும்பு இணைப்பிகளைச் சீக்கிரம் தின்றுவிடும்.

செயற்கை நுண்ணறிவு? இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதற்குப் பழக்க, ‘இந்தத் திகதி, இந்த இடம், இவ்வளவு பெரிய கசிவு, இன்று அடைத்தோம்’ என்ற பதிவு நூற்றுக்கணக்கில் வேண்டும். திருத்த வேலைப் புத்தகத்தில் தெருப் பெயரோடு நின்றுவிட்ட பதிவில் எதுவும் பழகாது. கடந்த நாலு வாரத்து இதே கிழமையின் இரவு ஓட்டத்தோடு இன்றைய இரவை ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் எளிய கணக்கு முதல் இரண்டு வருடத்துக்குப் போதும். கூடவே, குழாய் வலையமைப்பில் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும், இலவசமாகக் கிடைக்கும் ஈப்பாநெட் நிரலில் வலயத்தின் மாதிரியைப் போட்டுப் பாருங்கள்.

கம்போடியத் தலைநகர் நொம் பென்னின் கதை தெரிந்திருக்கலாம். 1993 இல் அங்கே 72 வீதத் தண்ணீருக்குக் கணக்கில்லை. நகரின் நீர் வழங்கல் அமைப்பை நடத்திய எக் சொன் சான் தலைமையில், 2010 ஐ ஒட்டிய வருடங்களில் 6 வீதம் அளவுக்கு வந்தது. அந்த வேலைக்காக அவருக்கு 2006 இல் மகசேசே விருதும் கிடைத்தது. அவர்கள் செய்ததில் பெரும்பகுதி பழைய குழாயை மாற்றியது, எல்லா இணைப்புக்கும் மீற்றர் போட்டது, கள்ள இணைப்பைப் பிடித்தது, இரவு பகல் பாராமல் திருத்தும் குழு வைத்தது. காலையில் வரைபைப் பார்க்க ஒரு ஆளும், அன்றைக்கே தோண்டும் பெக்கோ இயந்திரத்தோடு போக ஒரு குழுவும் இல்லாத இடத்தில் சென்சருக்குக் காசு கேட்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

உங்கள் செயற்றிட்டத்துக்கு வருவோம். பிரதான குழாயைத் தொடவோ குழியைத் திறக்கவோ உங்களுக்கு உரிமை கிடையாது. அதற்கு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அனுமதியும் ஆட்களும் வேண்டும், கிடைக்க நேரம் எடுக்கும். ஆனால் கூரைத் தாங்கியில் அளக்க அந்த வீட்டுக்காரர் சரி என்றால் போதும். உப்புவெளியில் ஒரு முப்பது வீட்டில் தாங்கிக்குள் மலிவான நீர்மட்ட சென்சர் ஒன்றும், வீட்டு மீற்றரில் ஒரு துடிப்பு எண்ணியும் வைத்து, மாரியில் ஒரு மாதம், கச்சான் காலத்தில் ஒரு மாதம் பதியுங்கள். தாங்கி எத்தனை மணிக்கு நிரம்பத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, மட்டம் ஏறியும் மீற்றர் எண்ணாத தண்ணீர் எவ்வளவு என்ற மூன்று விடை கிடைத்தால் அது கிழக்கு மாகாணக் கடற்கரையில் எந்த வலயத்தின் இரவுக் கணக்குக்கும் நேரே பயன்படும். தாங்கியின் மூடியைத் திறந்து சென்சர் இறக்கும்போது குடிதண்ணீர் என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீரைத் தொடாமல் மேலிருந்து அளக்கும் மீயொலி வகையை வாங்குங்கள்.